சுவரோரத்து மண்

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையில் பகல் முறை முடிந்து வந்தால், உலைக்காரர் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைய மாட்டார். கொல்லைக்குப் போவார். சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி, கோவணத்தோடு நின்று, மதில் சுவரில் ஓங்கி ஓங்கி அடிப்பார். சாம்பல் நிறத்தில் தூள் பறக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்வார். முப்பது அடிக்குக் குறைந்து நிறுத்தியதில்லை. ஆலைக்குள் குளிக்க ஓர் இடம் இருந்தது. அங்கே மோட்டார் எரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆபீசில் கேட்டால் சாமான் வரவேண்டும் என்பார்கள்.

"நீங்க அடிக்கிற அடியில சுவருக்கே வலிக்கும்" என்றாள் மனைவி, அடுப்படி ஜன்னலிலிருந்து. "சூபர்வைசர் மூஞ்சின்னு நினைச்சு அடிக்கிறீங்களா?"

"வயித்துல பிள்ளையோட ஒருத்தி இருக்கா. ஒரு பொட்டுத் தூசி உள்ளே வரக் கூடாது. நீ சும்மா இரு."

மகளுக்கு எட்டாம் மாசம். அவள் புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் பெற்றோருடன் இருந்தாள். ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து தாய்க்காரி தினம் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். வீட்டுக் கோழிகள் ஏழு. சுவரோரத்தில் மண் மாவுபோலக் கிடக்கும். கோழிகள் பகலெல்லாம் அதில் குழி பறித்துப் புரளும். சீய்த்துப் புழு பொறுக்கும்.

அன்றைக்குப் பதினெட்டாவது அடியில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஐயா, போதும். நிறுத்துங்க."

ஆஸ்பத்திரி நர்ஸ். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக் கதவருகே நின்றாள். போன வாரம் மகளிடம் ரத்தம் எடுத்தவள் அவள்தான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு, இரண்டு முட்டையையும் கையோடு வாங்கிப்போயிருந்தாள். உலைக்காரர் அவசரமாகத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"ரிப்போர்ட் வந்திருக்கு" என்றாள் நர்ஸ். "உங்க பொண்ணு ரத்தத்துல ஈயம். அஞ்சுக்கு மேல போகக் கூடாது. முப்பத்தொண்ணு இருக்கு. முட்டையிலயும் இருக்கு."

"அவ ஆலைப் பக்கமே வந்ததில்லையே. நான்தான் உலைக்காரன்."

"அவ வரலை. அது வந்திருக்கு." சுவரோரத்தைப் பார்த்தாள். அங்கே இரண்டு கோழிகள் கண்ணை மூடிப் புரண்டுகொண்டிருந்தன. "இங்கே அடிக்கிறீங்க. மண்ணுல விழுது. மண்ணுல இருந்து புழுவுக்கு, புழுவுல இருந்து கோழிக்கு. கோழி முட்டையில வைக்குது."

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "கோழி நல்லாத்தானேம்மா இருக்கு? ஒண்ணு தூங்கி விழலை. எல்லாம் ஒழுங்கா முட்டை போடுதே."

"நல்லாத்தான் இருக்கும். ஈயத்தை உடம்பு சுண்ணாம்புன்னு நம்பிடும். எலும்புல சேர்த்து வச்சுக்கும். பிள்ளை எலும்பு வளர்றப்போ, எடுத்து அதுக்குக் கொடுத்துடும்."

வீட்டுக்குள் மகள் எழுந்து வரும் சத்தம் கேட்டது. உலைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு என்ன ஆகும்? மறைக்காம சொல்லு தாயி."

"இப்போ சொல்ல முடியாதுய்யா. பிறந்தாலும் பார்த்தாத் தெரியாது. பேசுற வயசுல பேசணும். சொன்னதைப் புரிஞ்சுக்கணும். அப்போதான் தெரியும்."

"அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகுமே."

"ஆகும்."

மறுநாள் ஆலை ஆபீசில் இதைப் புகாராக எழுதிக் கொடுக்கும்படி நர்ஸ் கேட்டுக்கொண்டாள். அவர் தலையாட்டினார். முன்பு எழுதிக் கொடுத்தவர்கள் வேலை போய் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மகள் நிலைப்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

"அப்பா, நான் தின்னதைத் திருப்பி எடுக்க முடியாதா?"

அவர் கொடியில் ஆலைத் துணியைப் போட்டார். பிறகு அதை எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

விடிந்ததும் ஏழு கோழிகளையும் அறுத்தார். மனைவி சாக்கை விரித்துப் பிடித்தாள்.

"உயிரோட சந்தையில வித்திருக்கலாம்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னொருத்தி வயித்துக்கா?"

"அப்போ புதைச்சுடுங்க."

"எங்கே புதைக்க? திரும்ப மண்ணுலதானே? நாய் தோண்டும், இல்லாட்டிப் புழு திங்கும். ஆலையிலிருந்து வந்தது, அங்கேயே போகட்டும். உலையில போட்டா ஒரு நிமிஷம்."

சாக்கைத் தோளில் போட்டு, பதினான்கு முட்டைகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் எடுத்துக்கொண்டு ஆலைக்கு நடந்தார். வாசலில் வாட்ச்மேன் மறித்தான். நாலு வருஷம் முன்பு வரை அடுத்த உலையில் நின்றவன். வலது மணிக்கட்டு தூக்க வராமல் தொங்கிப்போனதும் கம்பெனி வாசலில் நாற்காலி கொடுத்திருந்தது. இடது கையால் சாக்கின் வாயை விலக்கிப் பார்த்தான்.

"என்னண்ணே, விருந்தா? தின்பண்டம் உள்ளே போகக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"திங்க இல்லடா. உலையில போட."

உலைக்காரர் விஷயத்தைச் சொன்னார். வாட்ச்மேன் சிரிப்பை நிறுத்தினான். வாளிக்குள் பார்த்தான். அவன் வீட்டிலும் கோழி உண்டு. தொங்கும் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து சூபர்வைசரிடம் பேசினான். "சரி சார்... சரி சார்..." என்று வைத்தான்.

"விட மாட்டாங்கண்ணே."

"ஏனாம்?"

"கண்டதையும் உலையில போட்டா ஈயம் கெட்டுடுமாம்."

சங்கு ஊதியது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சாக்கின் அடியில் ரத்தம் ஊறிச் சொட்டியது. எதிர்ச் சாரியில் படுத்திருந்த நாய்கள் மூன்றும் எழுந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தன. அவற்றின் பின்னால், பால் வற்றாத மடியோடு ஒரு பெட்டை நாயும் வந்தது. உலைக்காரர் சாக்கைத் தலைக்கு ஏற்றினார். வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இரும்புக் கதவு உருண்டு மூடியது.