கோழிகள் குடியிருந்த பிளிமத்

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் மரியஅந்தோணி கார்க் கதவைத் திறந்ததும், உள்ளே அடையிருந்த கோழி பாய்ந்து அவர் கையைக் கொத்தியது. கோழியைக் குற்றம் சொல்ல முடியாது. சிவரஞ்சனியின் காபித் தோட்டத்து மூலையில் இருபது வருஷமாக அந்தப் பிளிமத் கோழிக்கூண்டாகத்தான் இருந்தது. முன்சீட்டில் அடை, பின்சீட்டில் முட்டை, ஸ்டீரிங்கின் மேல் சேவல்.

எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்த முதலாளி, தன்னிடம் டிரைவராக இருந்த அவளுடைய மாமனாருக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமனார் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். அது பெட்ரோல் குடிக்கிற வேகத்தைக் கண்டு மிரண்டு போய் மூலையில் நிறுத்தினார். அப்புறம் அவரும் போய்ச் சேர்ந்தார். கோழிகள் குடியேறின.

"அம்மணி, இது என்ன வண்டின்னு தெரியுமுங்களா?" என்றார் மரியஅந்தோணி, கையைத் தடவிக்கொண்டே. "அமெரிக்காவுல மசில் கார்ம்பாங்க. ரெண்டே கதவு, எட்டு சிலிண்டரு. நம்ம நாட்டுல இதாட்டம் இன்னொண்ணு இருக்குதான்னே சந்தேகமுங்க."

எஞ்சினைச் சில நாள் எண்ணெயில் ஊறவிட்டு, கேனிலிருந்து பெட்ரோல் குழாயைச் செருகி, அவர் ஒரு சாயங்காலம் அதை உசுப்பிவிட்டார். இருமியது, கறுப்பாகக் கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. தோட்டத்துக் கோழிகள் எல்லாம் பலா மரத்தில் ஏறிவிட்டன. பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு காலமெல்லாம் டீசல் பிக்கப்பை உருட்டிக்கொண்டிருந்த சிவரஞ்சனிக்கு அந்தச் சத்தம் அடிவயிற்றில் இறங்கியது. இந்த வண்டியை ஓட்டாமல் சாகக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

அவள் புருஷன் ஜீவானந்தம் வேறு முடிவில் இருந்தான். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ஜீப் ஓட்டுகிறவன். சிக்கனத்தில் அவனை மிஞ்ச மலையில் ஆள் கிடையாது. இறக்கம் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவான். எதிரே வண்டி வந்து காத்திருக்க நேர்ந்தாலும் அணைத்துவிடுவான். மலை டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அவனுக்கு அது வேதம். சிவரஞ்சனிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான், அதனால் அவளுக்கும் அதே கை. யோசிக்காமலே விரல் சாவிக்குப் போய்விடும்.

அப்படிப்பட்டவன் வீட்டில், கூரைக்குக் காங்கிரீட் போடச் சேர்த்து வைத்த பணம் கார்புரேட்டருக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் போனது. பிறகு கறவை மாடு போனது. வீட்டு ஓடு மழைக்கு ஒழுகியது. காருக்கோ புதுத் தகரக் கொட்டகை.

"ஊட்டுல நாம குண்டா வெச்சுத் தண்ணி புடிக்கறோம். அது மட்டும் நனையாம நிக்குது" என்றான் ஜீவானந்தம். அதற்கப்புறம் பல நாள் அவன் அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், போய்விடுவான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கார் முதன்முதலாக ரோட்டுக்கு வந்தது. சிவரஞ்சனி தனியாக அதைக் குப்பனூர் போகிற இறக்கத்தில் விட்டாள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே, பழகிய விரல் போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தது.

பிக்கப்பாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் நினைத்தாள். பிக்கப்பிலும் இத்தனை நாள் அவளைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்தான். இந்தக் காரில் பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் பலம் கொடுப்பதே எஞ்சின். முதல் மிதிக்குப் பிரேக் கொஞ்சம் பிடித்தது. அடுத்த மிதிக்குக் கல்லாகிவிட்டது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மேட்டுப் பாறையில் மோதி நிறுத்தினாள். அவளுக்கு நெற்றியில் மட்டும் காயம். காரின் முகமே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ஜீவானந்தம், எப்படி நடந்தது என்று அவள் சொன்னதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். யார் சொல்லிக் கொடுத்த பழக்கம் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சேலத்தில் பழைய கார்கள் சேர்க்கிற கமலக்கண்ணன் என்பவர், உடைந்த நிலையிலேயே வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தார். அன்றைக்குத்தான் ஜீவானந்தம் வாயைத் திறந்தான்.

"இன்னொரு தடவ செஞ்சு பாரு. கோடை விழாவுக்குப் பழைய காருங்க ஊர்வலம் மலையேறுதாமா. அதுல இது தன் எஞ்சின்லயே அடிவாரத்துல இருந்து மேல வந்து சேரோணும். கயிறு கட்டி இழுத்தா, அங்கயே சாவிய இவருகிட்டக் குடுத்துரோணும். அப்புறம் ஊட்டுக் கூரையப் பாக்கலாம்."

"சரிங்க" என்றாள் சிவரஞ்சனி. வேறு வழியில்லை.

லாரியில் ஏறிச் சேலம் போன கார், மரியஅந்தோணியின் பட்டறையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தது. முன்பக்கக் கம்பிச் சட்டத்தை எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் அடித்து வாங்கினார்கள். மூக்கில் ஒட்டுகிற பெயர் எழுத்துகள் எங்கும் கிடைக்காமல், கொலுசுப் பட்டறையில் வார்த்து வாங்கினார்கள். பிளிமத்துக்குக் கொலுசு போட்ட ஊர் உலகத்திலேயே சேலம் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஊர்வலத்தன்று அடிவாரத்தில் வெயில் கொளுத்தியது. சூடு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, மரியஅந்தோணி கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினார். "வழியில நின்னாலும் எஞ்சின மட்டும் அணைச்சுப்புடாதீங்க அம்மணி. இந்தச் சூட்டுல பெட்ரோல் குழாயிலயே ஆவியாயிரும். அப்புறம் லேசுல கெளம்பாது."

இடப்பக்கம் ஸ்டீரிங், வலப்பக்கம் ஜீவானந்தம். சாட்சிக்காக ஏறியிருப்பதாகச் சொன்னான். ஊர்வலத்தின் வாலில் இழுவை வண்டி ஒன்று கயிறோடு வந்தது. அதற்கு முன்னால் கமலக்கண்ணனின் கார், அதற்கு முன்னால் பிளிமத்.

கொண்டை ஊசி வளைவுகளை அது ஏறிய அழகைப் பார்த்துக் குரங்குகளே ஒதுங்கி உட்கார்ந்தன. முதல் பாதி அவ்வளவு சுலபமாக முடிந்தது. அப்புறம் ஒரு வளைவில், மேலிருந்து வந்த பஸ்ஸும் ஒரு லாரியும் சிக்கிக்கொண்டன. ஊர்வலம் மொத்தமும் செங்குத்தான ஏற்றத்தில் நின்றது. முன்னால் இருந்த கார்கள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன.

சூடு காட்டும் முள் மெதுவாக ஏறியது. சிவப்பைத் தொட இன்னும் ஒரு விரல் அகலம். அவள் கண் முள்ளிலேயே இருந்தது. காலமெல்லாம் பழகிய விரல், அவளைக் கேட்காமலே, சாவியை நோக்கிப் போனது.

சாவியின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. ஜீவானந்தம் உள்ளங்கையால் அதை அழுத்தி மூடியிருந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அணைய விட்டிருந்தால் போதும், பந்தயம் அவனுடையது. கூரை, மாடு எல்லாம் திரும்பி வரும். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் நகரவில்லை.

"அணைக்காத புள்ள" என்றான். "வேற என்னமோ சொன்னாரே அந்தாளு, சூடு ஏறுனா?"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. குளிர் தேசத்து வண்டி, உள்ளே ஹீட்டர் உண்டு. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் அதை முழுக்கத் திருகினாள்.

அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. அதோடு, எந்தச் சந்தில் ஒளிந்திருந்ததோ, பழைய கோழி இறகுகள் ஒரு கூடை அளவு பறந்து வந்து ஜீவானந்தத்தின் முகமெல்லாம் அப்பின. தும்மினான். வியர்வையில் இறகு ஒட்டியது. இன்னும் தும்மினான். கையைச் சாவியிலிருந்து எடுக்கவில்லை. சிவரஞ்சனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முள் தயங்கியது, நின்றது, பிறகு கொஞ்சம் இறங்கியது.

லாரி விலகியது. முன்னால் அணைத்து வைத்த கார்களில் இரண்டு கிளம்பாமல் முனகின. பிளிமத் உறுமிக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போனது. மிச்ச வளைவுகளை அவள் ஓட்டினாளா, பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது. ஏரிக்கரையில் கூட்டம் கை தட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் அவளுடைய பிக்கப்பில் மூட்டை ஏற்றியவர்கள்.

கமலக்கண்ணன் இறங்கி வந்தார். அவர் பேச்சை எடுப்பதற்கு முன்பே ஜீவானந்தம், மீசையில் இறகோடு, பதில் சொல்லிவிட்டான்.

"கோச்சுக்காதீங்க. குடுக்கறதா இல்லீங்க. எங்க ஊட்டுக் கோழி தேடுமுங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எஞ்சின் ஓடியது, இறக்கத்திலும் ஓடியது. சத்தம் கேட்டு ஊரே வாசலுக்கு வந்தது. ஒழுகுகிற ஓட்டு வீட்டின் முன்னால் சிவரஞ்சனி காரை நிறுத்திவிட்டு, பெட்ரோல் வீணாகிறதே என்று சாவியில் கை வைத்தாள்.

"இருக்கட்டும் புள்ள" என்றான் மலையிலேயே பெரிய சிக்கனக்காரன். சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டும்."