நாலு கல் தெரியும் ஓட்டை

நடனப் பள்ளியின் கூடத்து நடுவில் ஆடுவதற்கு ஒரு சதுரத் தளம். வெள்ளை டைல்ஸ், பக்கத்துக்கு இருபது கல் என்று கணக்கு. மேஸ்திரி துணையில்லாமல் டைல்ஸ்காரன் ஒட்டிய முதல் தரை இது. நான்கு மணிக்கு அவர் பார்க்க வருவார். தேறினால் இனித் தனி வேலை. இல்லாவிட்டால் பழையபடி கலவை குழைக்க வேண்டியதுதான்.

சாப்பாடு கொண்டுவந்த அண்ணியின் கையில் ஓர் அட்டையும் இருந்தது. நடுவில் நாலு கல் தெரியும் அளவுக்கு ஓட்டை. அவள் கல்லூரியில் இரு பரிமாண மொழிகளை ஆராய்கிறவள்.

"உங்க மொழிய யாரு அண்ணி பேசுறாங்க? வீட்டுல அண்ணனே வாயத் திறக்கிறதில்ல."

"பேசுற மொழி இல்லடா. நாம எழுதுறது ஒரே வரிசையில போகும். இதுல எழுத்தெல்லாம் குறுக்கயும் நெடுக்கயும் கட்டங்கட்டமா நிக்கும், உன் தரை மாதிரி. சதுரம் மட்டும்தான் நம்ம மொழியில சேரும்னு வச்சுக்க. எண்ணக்கூடாது, அளக்கக்கூடாது. இந்த ஓட்டை வழியா பார்த்துச் சொல்லு, உன் தரை சேருமா?"

அவன் மண்டியிட்டு அட்டையை நகர்த்திப் பார்த்தான். எங்கே வைத்தாலும் வெள்ளைதான்.

"மூட்டெல்லாம் கச்சிதம். சதுரம்தான்."

"நீளமா இருந்தாலும் இப்படித்தான் தெரியும், புத்திசாலி." அண்ணி சாக்பீஸை நீட்டினாள். "மூலைக் கல்லுல ஒரு பெருக்கல் குறி போடு. அடுத்தது அதுக்குக் கோணலா, ஒரு கல் கீழ, ஒரு கல் வலப்பக்கம். அட்டைய வச்சுப் பார்த்துக்கிட்டே படி இறங்கு. எதிர் மூலையில போய் முடிஞ்சா சதுரம்."

"இதுக்கெல்லாமா பட்டம் குடுக்குறாங்க?" என்று சிரித்துக்கொண்டே குறி போட்டுப் போனான். தளத்தோடு சிரிப்பும் முடிந்தது. கடைசிக் குறி விளிம்பில் நின்றது. மூலைக்கு இன்னும் ஒரு கல் பாக்கி.

"எண்ணித்தானே அண்ணி ஒட்டினேன்!"

"நடுவுல டீ குடிக்கப் போனியா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

நல்லவேளை, கடைசி வரிசையின் கலவை இன்னும் இறுகவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவன் பூச்சுக் கரண்டியால் கல்லைப் பேர்க்க, அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இருபதையும் கழுவி அடுக்கினாள்.

நான்கு மணிக்கு மேஸ்திரி வந்தார்.

"என்னடா தரையில கிறுக்கல்?"

"எங்க அண்ணி மொழி, மேஸ்திரி. சதுரம்னு எழுதியிருக்கு."

"அங்க இருபது கல்லு குளிச்சிட்டு உக்காந்திருக்கே, அது?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஒரு வரிசை கூடப் போட்டுட்டேன். நானே பேர்த்துட்டேன்."

மேஸ்திரி டேப்பை இழுத்து நாலு பக்கமும் அளந்தார். மூலையில் முடிந்திருந்த குறியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நாளையிலேருந்து தனியாப் போ. ஆனா டீய வேலை முடிஞ்சப்புறம் குடி."

அண்ணி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அது இங்கயே இருக்கட்டும் அண்ணி, அடுத்த தரைக்கும் வேணும்," என்றான்.