அரிசி டப்பா

பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விழுந்தபோது, யூடியூப் சேனல் நடத்தும் வசந்த்குமார் குன்னூரிலிருந்து என்னைப் பேட்டி எடுக்க வந்தான். வாசலில் நின்று விலையைப் பற்றித்தான் பேசினேன். டீயும் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து என் காலி அரிசி டப்பாவையும் படம் எடுத்திருக்கிறான் என்று வீடியோ வந்த பிறகுதான் தெரிந்தது. ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். கோவை ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் காயத்ரியை அன்றிலிருந்து "அரிசி டப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

நேற்று ஒரு மூட்டை அரிசியோடு மறுபடியும் வந்தான். அவன் போனில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"வீடியோ பாத்தவங்க அனுப்புனதுங்கக்கா. அதே டப்பாவுல கொட்டுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

வழியை மறித்துக்கொண்டு என் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"வாங்க தம்பி, இப்பவே உங்க ஊட்டுக்குப் போலாம். உங்கம்மா சமையக்கட்டுல என்னென்ன காலியா இருக்குதுன்னு நானும் எடுக்கோணும்."

"எங்கம்மாவ எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று என் கேமராவைச் சட்டென்று கையால் மறைத்தான்.

"இதத்தானுங்க நானும் அன்னைக்குச் செஞ்சிருக்கோணும்" என்று அவன் கேமராவை உள்ளங்கையால் மூடினேன்.