ஓட்டையில்லாத சட்டமும் ஒரு பன்றியும்

அசாஹெல் பினி எங்கள் மலையூரின் ஒரே வக்கீல். ஆறு ஆண்டுகளாக மாநிலச் சட்டசபையில் எங்கள் உறுப்பினர். ஏழாம் ஆண்டும் தானே போக விரும்பினார். ஊர் எழுத்தர் ஒபடாயா கிரேனும் விரும்பினார். அதுதான் தொல்லை.

இலையுதிர்காலத்தில் பினி ஒரு சட்டம் எழுதி நிறைவேற்றிக்கொண்டு வந்தார். ஊர்ப் பதவியில் இருப்பவர் சட்டசபையில் இருக்கக் கூடாது. ஊர் கொடுக்கும் பதவியை மறுப்பவர் ஓராண்டுக்கு வேறெந்தப் பதவிக்கும் வரக் கூடாது. கிரேனின் பெயர் மட்டும்தான் அதில் இல்லை.

மனைவியை இழந்து நான்கு குளிர்காலம் தனியாக இருந்த பினி, பிப்ரவரியில் விதவை மெகிதாபெல்லை மணக்க முடிவு செய்தார்.

“மார்ச் மாச ஊர்க்கூட்டம் முடியட்டுமே” என்றாள் அவள்.

“ஏன்? படுக்கை இப்பத்தானே ஜில்லுன்னு இருக்கு!”

மணந்துகொண்டார்.

ஊர்க்கூட்டம் அடுப்பில்லாத தேவாலயத்தில் கூடியது. முதல் வேலையாக, எழுத்தர் பதவியைக் கிரேனின் மருமகனுக்குக் கொடுத்தோம்; கிரேன் கையில் இப்போது ஊர்ப் பதவி எதுவும் இல்லை. பினி நிமிர்ந்து பார்த்தார். வேலி பார்ப்பவர், சாலை பார்ப்பவர் என்று போய், கடைசியில் பன்றிக்காவலர் பதவி வந்தது.

கழுத்தில் மரச்சட்டமும் மூக்கில் வளையமும் இல்லாமல் திரியும் பன்றியைப் பிடித்து மாட்டிவிடும் வேலை. அதை எப்போதும் புதுமாப்பிள்ளைக்கே கொடுப்போம். பன்றியிடம் தோற்றுப் பழகினால் வீட்டில் சிரமம் இருக்காது.

தச்சர் சைலஸ் எழுந்தார். “இந்த வருசம் மாப்பிள்ளை ஒருத்தர்தான். நம்ம வக்கீலய்யா!”

கூரை அதிர்ந்தது.

“எனக்கு அம்பத்திமூணு வயசுய்யா!”

“பன்னி வயசா கேக்கப் போவுது?”

“வேடிக்கை போதும். நான் இதை மறு—”

“முழுசா சொல்லிடாதீங்க வக்கீலய்யா” என்றார் கிரேன், மிகுந்த அக்கறையோடு. “சொன்னா ஒரு வருசத்துக்கு ஒண்ணும் கிடையாது. உங்க சட்டம்தான்.”

“ஏத்துக்கிட்டா?” என்றார் சைலஸ்.

“சட்டசபை கிடையாது. மூணு தடவ படிச்சிட்டேன். ஒரு ஓட்டை இல்ல.”

பினி கிரேனிடமிருந்து சட்டத்தின் பிரதியை வாங்கி நின்றபடியே படித்தார். நாங்கள் குளிருக்குக் காலைத் தட்டிக்கொண்டு காத்திருந்தோம். மறுபடியும் படித்தார். முகத்தில் கவலை போய்ப் பெருமை வந்தது.

“ஆமா. நல்லாத்தான் எழுதியிருக்கேன்.”

கை தூக்கச் சொன்னபோது, பழக்கதோஷத்தில் அவரும் தூக்கினார்.

அக்டோபரில் கிரேன் புதுக் கோட்டணிந்து, குதிரையேறிச் சட்டசபைக்குப் புறப்பட்டார். வழியனுப்ப நாங்கள் பாலம்வரை போனோம். அங்கே பினி முழங்கால் சேற்றில், ஒரு பெண்பன்றியின் பின்னங்காலைப் பிடித்தபடி நின்றார்.

“யார் வீட்டுப் பன்னி வக்கீலய்யா?” என்றார் கிரேன், குதிரைமேல் இருந்தபடி.

“உங்க வீட்டுது. மூக்குல வளையம் இல்ல. இறங்குங்க.”

“சபை கூடுது, நேரமாச்சுய்யா.”

“வளையம் மாட்டறப்போ சொந்தக்காரர் தலையைப் பிடிக்கணும். பன்னிச் சட்டம், நாலாம் பிரிவு.”

“அதை எந்த மடையன் எழுதினான்?”

பினி பெருமையோடு நிமிர்ந்து, பன்றியின் தலைப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தார்.

கிரேன் கோட்டைக் கழற்றிச் சைலஸிடம் கொடுத்தார்.