சீட் வரைக்கும் தண்ணி

வண்டியின் ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றியதும் கலங்கல் தண்ணீர் மைத்துனனின் மடியிலேயே கொட்டியது.

"இதுல மீனே வளர்த்திருக்கலாம்டா," என்றான்.

அந்த 'டா' புதிது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவே வாங்க, போங்கதான். மனைவியின் அண்ணன், தங்கையின் புருஷன். மரியாதை ஒரு சுற்றும் தளராமல் இருவருமே பார்த்துக்கொண்டார்கள். அவள் இறந்துபோன அன்றுகூட 'ஒரு வாய் சாப்பிடுங்க மாப்ள'தான். நேற்று சாயங்காலம் ஓடைக்குள் இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்தபோதுதான் மைத்துனன் வாயில் முதல்முறையாக 'நீ' வந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணின? உனக்கு ஏதாவது ஆனா அந்தப் பிள்ளைக்கு யாருடா இருக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீடே அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டது.

மைத்துனனுக்குக் குடிநீர்க் குழாயைக் கண்காணிக்கும் வேலை. ரோடு போகாத இடமெல்லாம் குழாய் போகும். பின்னாலேயே அவனும் போயாக வேண்டும். அதற்கென்றே வாங்கிய நாலு சக்கர ஏடிவி. மேட்டில் ஏறித் துள்ளித் துள்ளி இறங்குவதால் வீட்டில் அதற்குத் தவளை என்று பெயர். 'சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன் மச்சான்' என்று சாவி வாங்கிப் போனவன், அதை ஓடையில் முக்கி நிறுத்திவிட்டான். கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் போட்டிருந்தார்கள்.

அவன் வந்தது மகளைக் கூட்டிப்போக. அம்மா போனதிலிருந்து வாண்டு இங்கேதான் வளர்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் பேசி, பாலர் பள்ளியில் இடம் வாங்கி, சமையலறைக் கத்தியெல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றி, தனியாகவே வீட்டைத் தயார் பண்ணியிருந்தான். நேற்று மதியம் வாண்டின் சிவப்புப் பை வாசலில் இருந்தது. இன்று காலையில் இல்லை. துணியெல்லாம் திரும்ப மாமியாரின் அலமாரிக்குப் போய்விட்டது.

"இப்போதைக்கு வேணாம்டா," என்று காலையில் மைத்துனன் சொல்லியிருந்தான். "முதல்ல நீ தேறு. பிள்ளை எங்க ஓடிடப் போறா?"

இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "நின்னதும் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"இல்ல."

"பொழச்சோம். உள்ள தண்ணிய வச்சுக்கிட்டு அடிச்சிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும். தள்ளி நில்லு."

ஸ்டார்ட்டரை அமுக்கினான். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி இருவர் முகத்திலும் அடித்தது. அவன் தொண்டைக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது. இருமலாக்கி விழுங்கினான்.

நேற்றும் இதேதான். முதல் தடவை ஓடையைக் கடந்தபோது தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து எழுந்து தலைமேல் விழுந்தது. தன்னை அறியாமல் கத்தினான். வண்டியைத் திருப்பி, இன்னும் வேகமாக விட்டான். அடுத்து, ஆழமான இடமாகப் பார்த்து. வண்டி முக்கி நின்ற பிறகும் சீட் வரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கரையில் மைத்துனன் ஓடி வருவதைப் பார்த்ததும்தான் மனைவியின் நினைவு வந்தது. அதுவரை வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மாமியார் டீ கொண்டுவந்தாள். அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாப்ள, இனிமே ராத்திரி கதவைத் தாழ் போடாதீங்க."

"சரிங்க அத்தை."

"அவமேல இவ்வளவு உசிரா இருந்திருக்கீங்க. எனக்குத்தான் தெரியாமப் போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "துக்கமே இல்லாத மாதிரி நடமாடறாருன்னு உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

டீ நாக்கைச் சுட்டது. சுடட்டும் என்று குடித்தான்.

அவள் உள்ளே போனபின் மைத்துனன் வண்டிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தள்ளி, ஆயில் போல்ட்டைத் திறந்தான். கறுப்பாக வரவேண்டியது பால் அதிகமான காபி நிறத்தில் வழிந்தது.

"பாரு, இன்ஜினுக்குள்ளயும் போயிடுச்சு. ஒரு தடவை மாத்தினாப் போகாது. புதுசு ஊத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் கொட்டணும்."

"மச்சான், நான் சாகப் போகல."

"சரிடா. விடு."

"நெஜமா. தண்ணி தெறிச்சுது. நல்லா இருந்துச்சு. அதான் திரும்பத் திரும்பப் போனேன்."

மைத்துனனின் கை நின்றது. "நல்லா இருந்துச்சுன்னா?"

"சந்தோஷமா இருந்துச்சு. கத்தினேன். நீங்க வந்தப்போ சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

"அழுதுகிட்டிருந்தடா. நான் பாத்தேன்."

"சிரிச்சதுல வந்த தண்ணி மச்சான்."

மைத்துனன் நிமிராமலே கேட்டான்.

"அவ ஞாபகம் வரலையா?"

பொய் சொல்ல வசதியான இடம். "வரல," என்றான். "அப்போ வரல."

மைத்துனன் பழைய துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்தான்.

"அப்ப, ஆழம் தெரியாம விட்டுட்டீங்க. அவ்வளவுதான்."

விட்டுட்டீங்க. அவன் காதில் அது மட்டும் தனியாக விழுந்தது.

"பிள்ளைய…"

"கூட்டிட்டுப் போங்க. சந்தோஷமா இருக்கறவர்கிட்ட பிள்ளைய விடறதுக்கென்ன?" குத்தலா, நியாயமா, குரலில் தெரியவில்லை. "அம்மாகிட்ட பிரேக் பிடிக்கலன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வாய் திறக்காதீங்க மாப்ள. சாகப் போனீங்கன்னாக்கூட அவங்க தாங்கிக்குவாங்க. சிரிச்சீங்கன்னாத் தாங்க மாட்டாங்க."

அதன்பிறகு வேலைப் பேச்சுதான். பெல்ட் கவரில் தேங்கிய தண்ணீரை வடித்தார்கள். வயர் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊதிக் காயவைத்தார்கள். பிரேக்கில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவினார்கள். அவன் கிரீஸ் கன்னைப் பிடிக்க, மைத்துனன் இடம் காட்டினான். "இங்க அடிங்க. போதும். அடுத்தது." நேற்று தோளைப் பிடித்து உலுக்கிய கை, இன்று அவன் கையில் படாமல் ஸ்பானரை வாங்கியது.

பிளக்கை மாட்டி, புது ஆயில் ஊற்றியதும் வண்டி ஓடியது. மைத்துனன் வீட்டுக்குள் போய் வந்தான். என்ன பேசினானோ, சிவப்புப் பை வாசலுக்கு வந்தது. மாமியார் வரவில்லை.

அவன் கிளம்பும்போது மைத்துனன் இரண்டாவது ஆயிலையும் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வெளுப்பு போகல. அடுத்த வாரம் வாங்க. இன்னொரு தடவை மாத்தணும்."

"வரேன் மச்சான்."

இடுப்பில் இருந்த வாண்டு எட்டிப் பார்த்தாள். "மாமா, அப்பா தவளையை நீந்த விட்டாரா?"

"விட்டாரு. முங்கிடுச்சு."

"தவளை எங்கயாவது முங்குமா?" அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். சிரிப்பு ஷெட்டின் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு செருப்பைப் பார்த்தான்.

மைத்துனன் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த போல்ட்டை இன்னும் ஒருமுறை இறுக்கினான்.