மெம்பர் வீடு

இந்திய ராணுவம் குருக்கள்மடத்தை விட்டுப் போன காலையில், புஸ்பம் கிணற்றடியில் நின்று லொறிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தூறலில் ஒன்றன்பின் ஒன்றாக மட்டக்களப்புப் பக்கம் போயின. கடைசி லொறியும் மறைந்த பிறகு அயலில் யாரும் சந்தோசப்படவில்லை, அழவுமில்லை. எல்லாரும் உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார்கள். போகும்போது இரண்டொருவர் அவளுடைய வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். புஸ்பம் வாளியைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அது மெம்பர் வீடு. போன வருசம்வரை சங்கக்கடை மனேஜர் வீடாக இருந்தது. மாகாண சபைத் தேர்தல் வந்தபோது போட்டியிட ஆளில்லை. போட்டியிட்டால் சாவு என்று ஓர் இயக்கம் துண்டு ஒட்டியிருந்தது. தேர்தலை நடத்திவைக்க நின்ற இன்னோர் இயக்கத்தார் ஜீப்பில் வந்து இறங்கி, "ஊருக்குள்ள மரியாதையான ஆள் ஒண்டு வேணும், அண்ணன்" என்று அவள் புருசன் அழகரத்தினத்திடம் சொன்னார்கள். யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. வந்தவர்களின் துவக்குகள் கதிரையில் சாய்ந்திருக்க, அவர் கையெழுத்து வைத்தார்.

அப்படித்தான் அவர் சபைக்குப் போனார். திருகோணமலையில் பின்வரிசையில் ஓர் இடம். வாவிக்குக் குறுக்கே ஒரு பாலம் வேண்டும் என்று ஒருநாள் எழுந்து பேசினார். எதிர்வரிசையில் இருந்த காத்தான்குடி உறுப்பினர் உசனார் மட்டும் மேசையில் தட்டினாராம். அன்றிலிருந்து இருவரும் ஒரே வாகனத்தில் ஊருக்கு வந்துபோகத் தொடங்கினார்கள். பாலமும் வரவில்லை, சபைக்கு அதிகாரமும் வரவில்லை. காசுக்கும் ஆளணிக்கும் கொழும்பைப் பார்த்துக்கொண்டே வருசம் போனது.

அதற்குள் ஆட்பிடிப்பு வந்துவிட்டது. ராணுவம் போன பிறகு சபையைக் காக்க ஒரு படை வேண்டுமாம். பள்ளிக்கூடத்தாலும் தோணித்துறையாலும் வந்த பொடியன்களைத் தேர்தல் நடத்திய இயக்கத்தார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே றோட்டில் இருந்த சீதேவியின் மகன் யோகராசாவை வாவிக்கரையில் வைத்துப் பிடித்தார்கள். அவள் ஓடிவந்து வாசலில் இருந்துவிட்டாள்.

"நீங்க மெம்பர்தானே, தம்பி. நீங்க ஒரு சொல்லுச் சொன்னா விடுவாங்க."

அழகரத்தினம் முகாமுக்குப் போனார். வெயிலில் நிற்கவைத்துவிட்டு, பிறகு ஒருவன் வந்து சொன்னான்: "உங்கட மகன் ஒருவன் இருந்தா அனுப்புங்க. இவன விடுறம்." அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மொட்டையடித்த பொடியன்களின் வரிசையில் யோகராசா நின்றுகொண்டு அவரையே பார்த்தானாம். வீட்டுக்கு வந்தவர் சீதேவியிடம், "கதைச்சிருக்கன்" என்றார். அவள் அதன் பிறகு கேட்க வரவில்லை. றோட்டில் புஸ்பத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

லொறிகள் போன மறுநாளே இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்தார்கள். தேர்தலுக்கு எதிராகத் துண்டு ஒட்டிய, ராணுவத்தை எதிர்த்து நின்ற இயக்கம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்கு ஏறினார்கள்.

"அக்கா, ஐயா நிக்கிறாரா?"

"திருகோணமலைக்குப் போனவர். இன்னும் வரல்ல."

"வந்தா எங்களிட்ட ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லுங்க. சும்மா ஒரு விசாரணைதான்."

அழகரத்தினம் அப்போது அறைக்குள், நெல்மூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார். சைக்கிள்கள் போன பிறகும் அவரால் எழும்ப முடியவில்லை, கால் விறைத்துவிட்டது. புஸ்பம் கைகொடுத்துத் தூக்கியபோது அவருடைய சேட் முதுகோடு நனைந்திருந்தது. களுவாஞ்சிக்குடியில் இப்படி ஒரு சின்ன விசாரணைக்குப் போன இன்னொரு மெம்பரின் உடலைச் சனிக்கிழமைதான் எரித்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் உசனாரின் வான் வந்தது. கல்முனையில் கலியாண வீடொன்றுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. பக்கத்தில் அவருடைய மனைவி ஹவ்வா உம்மா இருந்தாள். உசனார் இறங்கவில்லை. வானைப் பின்பக்கமாக வளவுக்குள் விட்டார்.

"இப்ப வந்தா கொண்டுபோகலாம், அண்ணன். நாளைக்கு எனக்கு ஏலாமப் போயிரும். காலையில கொழும்புக்குப் போற லொறி ஒண்டு இரிக்கி."

அழகரத்தினம் மீசையை வழித்துவிட்டு, முஸ்லிம் ஆளைப் போலச் சாறமும் தொப்பியுமாக வந்தார். புஸ்பத்துக்கு அவர் யாரோ போலிருந்தது.

"நானும் வாறன்" என்றாள்.

"ரெண்டு பேரும் இல்லாமப் போனா உடன தெரிஞ்சிரும், தங்கச்சி" என்றார் உசனார்.

"விடிய பஸ்ஸில திரும்பி வந்திருவன். தாழங்குடாவத் தாண்டுறத என்ட கண்ணால பாக்கணும்."

ஹவ்வா உம்மா தன்னுடைய மேல்துணியில் ஒன்றை எடுத்து அவள் தலையில் போட்டு, பொட்டை விரலால் துடைத்துவிட்டாள்.

தாழங்குடாவில் றோட்டுக்குக் குறுக்கே பனங்குற்றி போட்டிருந்தார்கள். துவக்கோடு மூன்று பேர், சைக்கிளில் வந்தவர்களின் இயக்கம். பூவரச மரத்தின் கீழே ஒரு நாற்காலியில் இன்னொருவன், கையில் துவக்கில்லாமல் இருந்தான். வாகனங்கள் நிற்கும்போது அவனை எழுப்பிக் கூட்டிவந்து உள்ளே பார்க்கச் சொன்னார்கள். பிடிபட்டவனை வைத்து ஆள் காட்டுவிப்பது அந்த நாட்களில் எல்லாரும் செய்ததுதான். வழக்கமாகத் தலையில் சாக்குப் போடுவார்கள். இவனுக்கு அதுவும் போடவில்லை.

கிட்ட வந்தபோது புஸ்பத்துக்குத் தெரிந்தது. சீதேவியின் மகன். மொட்டையில் மயிர் கொஞ்சம் முளைத்திருந்தது. ஒரு கண் வீங்கிக் கிடந்தது. படைக்குப் பிடிக்கப்பட்டவன் இப்போது இவர்களிடம் பிடிபட்டிருந்தான்.

"எங்க போயிட்டு வாறீங்க?" என்று துவக்குக்காரன் கேட்டான்.

"கல்முனைக்கு, கலியாணத்துக்கு. எல்லாம் எங்கட குடும்பம்தான்" என்றார் உசனார்.

"இறங்கத் தேவல்ல. டேய், வந்து பார்."

யோகராசா யன்னலால் தலையை நீட்டினான். உசனாரைப் பார்த்தான், ஹவ்வா உம்மாவைப் பார்த்தான். பிறகு அழகரத்தினத்தின் முகத்தில் அவன் பார்வை நின்றுவிட்டது. அவர் முழங்காலைப் பார்த்தபடி இருந்தார். விரல்கள் சாறத்தைப் பிடித்துப் பிசைந்தன. 'கதைச்சிருக்கன்' என்று அவர் சொன்னது புஸ்பத்துக்கு ஞாபகம் வந்தது. அவன் சொல்லலாம். சொன்னால் அவனுக்கு அடி குறையும், விடுதலையும் கிடைக்கலாம். அவனுடைய இடத்தில் இருந்தால் தான் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் அவளையும் பார்த்தான். துணிக்குள்ளால் அவளை அடையாளம் கண்டது அவன் கண்ணில் தெரிந்தது.

"என்னடா, தெரியுமா?"

"தெரியா" என்றான் யோகராசா. "காத்தான்குடி ஆக்கள்."

குற்றியை இழுத்து வழிவிட்டார்கள். ஆரையம்பதி தாண்டும்வரை உசனார் வானை நிறுத்தாமல் ஓட்டினார். பிறகு அழகரத்தினம் குனிந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதார்.

காலையில் கொழும்பு லொறியில் துணி மூட்டைகளுக்கு நடுவே அவரை ஏற்றிவிட்டு, புஸ்பம் பஸ் பிடித்தாள். தாழங்குடாவில் பஸ்ஸையும் மறித்தார்கள். யோகராசா அதே நாற்காலியில் இருந்தான். அவள் தலையைத் தூக்கவில்லை.

ஊரில் இறங்கி நேரே வீட்டுக்குப் போவதாகத்தான் நினைத்திருந்தாள். சீதேவியின் படலைக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. மகன் எங்கே, உயிரோடா என்றுகூடத் தெரியாமல் அந்த மனிசி மாதக்கணக்காக இருக்கிறாள். ஆனால் சொன்னால் அவள் அங்கே ஓடுவாள். யார் சொன்னது என்று அவர்கள் கேட்பார்கள். ஒரு பெயர் வெளியே வந்தால் போதும், மிச்சம் தானாக வரும். புஸ்பம் வீட்டுப்பக்கம் நடந்தாள். நாலு வளவு தாண்டியதும் திரும்பி வந்தாள்.

சீதேவி அடுப்படியில் இருந்தாள். யாரென்று கண்டதும் முகம் இறுகியது.

"சீதேவியக்கா, யோகராசாவக் கண்டன். உயிரோட இரிக்கான். தாழங்குடாவில, அவங்களிட்ட."

சீதேவி அகப்பையைக் கீழே வைத்தாள். "எப்பிடி இரிக்கான்?"

"அடி வாங்கியிருக்கான். நடக்கிறான்."

"நீ அந்தப் பக்கம் ஏன் போன, புள்ள?"

புஸ்பத்தின் கை நெற்றிக்குப் போனது. சீதேவி அவளையே பார்த்தாள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேரையும் கண்டவனா?"

"கண்டவன். தெரியா எண்டு சொன்னவன்."

சீதேவியின் வாய் கோணியது. அவள் அழப்போகிறாள் என்று புஸ்பம் நினைத்தாள். ஆனால் அவள் கொண்டையை முடிந்துகொண்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"மீன்காரன் சொன்னதெண்டு சொல்லுவன்" என்றாள். "நீ வீட்ட போ. போய்ப் படலையச் சாத்து."

சீதேவி தாழங்குடாவில் மரத்துக்கு எதிரே மழையில் நாட்கணக்காக இருந்தாள். அவளைப் போல வேறு தாய்மாரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியில், வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிச் சிலரைத் தாய்மாரிடம் கொடுத்தார்கள். யோகராசாவும் அதில் ஒருவன். அந்தக் கிழமையே அவனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாள்.

அழகரத்தினம் கொழும்பிலிருந்து எப்படியோ திருகோணமலைக்குப் போய், மாசியோ பங்குனியோ, மற்ற மெம்பர்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார் என்று உசனார் சொல்லியனுப்பினார். சைக்கிள்காரர்கள் இன்னும் பல தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு ஏறி, அதே மரியாதையோடு கேட்டார்கள். அவள் அதே பதிலைச் சொன்னாள்.

சபை இல்லாமல் போன செய்தியை றேடியோ சொன்னபோது புஸ்பம் தனியே இருந்தாள். றோட்டில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. எழும்பிப் போய் றேடியோவைக் குறைத்துவிட்டு, அது வீட்டைத் தாண்டிப் போகும்வரை நின்றாள்.