பழைய நம்பர்

"துப்பாக்கிய என்ன பண்ணச் சொன்னாருக்கா? அத மொதல்ல சொல்லு."

"அவரு கண்ண மூடி இன்னும் வெயிலு கூட ஏறல, ஒனக்குத் துப்பாக்கி கேக்குதா?"

"சட்டம்க்கா. லைசென்ஸ்காரரு செத்துட்டா..."

"செத்துட்டான்னு சொல்லாதடா! பேச்சப் பாரு!"

"ரெண்டு பேரும் செத்த நேரம் வாய மூடுங்க. அண்ணி, ஒரு கயிறு குடுங்க. கட்டைவெரலச் சேத்துக் கட்டணும், காலு விரியுது."

கடைசியாகக் கேட்டது அமுதம் அத்தை, செத்துப்போனவருக்குத் தங்கை. காசியம்மா அழுகையை நிறுத்தாமலே எழுந்துபோய், புருஷனுடைய தகரப்பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட சணல் கயிறு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட கயிறு. அத்தை அதை அப்படியே விரல்களில் சுற்றி இறுக்கினாள்.

மாறன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்கு ஒரு காலில் ஷூ இருந்தது, அதைக் கழற்றியதே அவன்தான். காலை ஐந்தரைக்கு டியூட்டிக்குக் கிளம்ப வலது காலை மாட்டி, இடது ஷூவைக் கையில் எடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அப்பா கருப்பையன் பட்டாளத்தில் பதினேழு வருஷம், அப்புறம் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கன்மேனாகப் பதினொரு வருஷம். சொந்த ரைஃபிள், சொந்த லைசென்ஸ். அது இருந்ததால்தான் அந்த வேலை.

"ரைஃபிள் தஞ்சாவூர்ல இருக்கு மாமா" என்றான் மாறன். "ரிப்பேருக்குக் குடுத்து ரெண்டு மாசமாச்சு."

"அது எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா அத்தான வெறுங்கம்போட கேட்ல நிக்க வெச்சு சமாளிச்சதே நான்தானப்பா." காசியம்மாவின் தம்பி திருஞானசம்பந்தம் அதே துறைமுகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். "எத மாட்டச் சொன்னாரு? அதான் கேள்வி."

"எத மாட்டுனா என்னடா இப்ப?"

"இருக்குக்கா. ஒனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு."

அவர் சொன்னது மாறனுக்கு முன்பே தெரியும். குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவில், விசையெல்லாம் உட்காரும் இரும்புக் கூடு ஒன்று உண்டு. ரிசீவர் என்பார்கள். நம்பர் அடித்திருப்பது அதில்தான். குழலை மாற்றலாம், கட்டையை மாற்றலாம். சர்க்காருக்குத் துப்பாக்கி என்பது அந்தக் கூடுதான். கடல் காற்றும் நிலக்கரித் தூசியும் தின்று அப்பாவின் ரிசீவரில் கீறல் விழுந்துவிட்டது. பழசையே சரிசெய்து மாட்டலாம், இல்லை புதுசு மாட்டலாம் என்று பர்மிட் வாங்கி வைத்திருந்தார்.

"பழசுன்னா அதே நம்பரு, அதே லைசென்ஸ். வாரிசு பேருக்கு மாத்தி வாங்கிடலாம். புதுசுன்னா புது நம்பரு. லைசென்ஸ்காரரே நேர்ல போயி கையெழுத்துப் போட்டு ஏத்தணும். யாரு போவா? அதோட முடிஞ்சுது. துப்பாக்கியும் இல்ல, வேலையும் இல்ல."

காசியம்மா அழுகையை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு மேனேஜர் மாலை போட வர்றாரு" என்றார் மாமா. "எளகுன மனசா இருக்கற நேரம். கருப்பையன் எடத்துக்கு அவரு புள்ளையே வர்றான் சார்னு நான் ஆரம்பிக்கிறேன். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"என்னப்பா பேசாம நிக்கிற?" என்றாள் காசியம்மா. "மாமா ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுது. அந்த லாரி எடைமேடையில எத்தன நாளைக்கு உக்காந்திருப்ப? அப்பா நின்ன எடம்ப்பா அது. நீ அங்க நின்னா எனக்கு அவரு போனாப்புலயே இருக்காது."

மாறன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றும் இருந்தது, இல்லை என்றும் இருந்தது.

அவன் சட்டைப்பையில் ஓவியாவின் மெசேஜ் கிடந்தது. 'திருச்சி தாண்டிட்டேன். சாப்டீங்களா?' அவன் மனைவி கோயம்புத்தூரில் நர்ஸ். அங்கேயே ஒரு பம்ப்செட் கம்பெனியில் அவனுக்கு ஸ்டோர் வேலை கிடைத்திருந்தது, ஒன்றாம் தேதி சேர வேண்டும். வீடு கூடப் பார்த்தாகிவிட்டது. இந்த வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

நேற்று ராத்திரி அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போனை நீட்டினார். திரையில் இரண்டு இரும்புக் கூடுகள் பக்கம் பக்கமாக. ஒன்று கருத்துத் தேய்ந்து, ஒன்று எண்ணெய் மினுக்கோடு.

"மாறா, இதுல எது நல்லாருக்கு?"

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"பாத்து சொல்லேன். பழசா, புதுசா?"

"எதையாவது வைங்கப்பா" என்றான், தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எழுந்துபோய் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

மத்தியானம் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு மாறன் வந்து நின்றான். பின்கட்டில் பெஞ்சைப் போட்டுக் கிடத்தினார்கள்.

"மொதத் தண்ணிய புள்ள ஊத்தட்டும்."

"கட்ட அவுத்துடுங்கப்பா மொதல்ல. வெள்ளத்துணி கிழிச்சு வெச்சிருக்கேன், குளிப்பாட்டிட்டு அதுல கட்டலாம்."

யாரோ கயிற்றை அவிழ்த்து ஓரமாகப் போட்டார்கள். அது நனைந்து அவன் காலடியில் வந்து ஒட்டியது. இரண்டு முனையிலும் முடிச்சு. எங்கேயோ பார்த்த கயிறு. குனிந்து எடுத்தான்.

"அத ஏன்டா தொடற? போடு கீழ" என்றாள் அத்தை.

அவன் போடவில்லை. போன பொங்கலுக்கு, கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, கையை மடக்கச் சொல்லி அப்பா இந்தக் கயிற்றை வைத்துப் பார்த்தார். "முழுக்கைச் சட்டையாப்பா?" என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் ஒங்கிட்ட சொல்லணுமாக்கும்?" என்று சிரித்தார். சட்டை வரவே இல்லை.

கொல்லை வேலியில் தொங்கிய அவன் சட்டைக்குள் அப்பாவின் போன் அடித்தது. காலையிலிருந்து சொந்தக்காரர்களுக்குச் சொல்ல அதைத்தான் வைத்திருந்தான். எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஒதுங்கினான்.

"அஸ்ஸலா... வணக்கம் அய்யா, தஞ்சாவூர் துப்பாக்கிக் கடையிலேருந்து முத்து முகம்மது."

"அப்பா காலைல தவறிட்டாங்க பாய். நான் மாறன் பேசறேன்."

எதிர்க்குரல் மெல்ல, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று சாவுச் செய்திக்குச் சொல்லும் வாசகத்தைச் சொன்னது. "நேத்து சாயங்காலம் மஹ்ரிபு தொழுகைக்கு அப்புறம் கூட பேசுனாங்களே தம்பி. நான் வெச்சிடறேன். இந்த நேரத்துல..."

"பரவால்ல பாய். சொல்லுங்க."

"இல்ல... பர்மிட்டு இன்னியோட முடியுது. ரிஜிஸ்தர்ல ஒண்ண எழுதியாவணும். ரெண்டு மாசமா இழுத்துட்டே இருந்தாங்க. ஏன்யா இழுக்கறீங்கன்னேன். 'எம்மவன் கோயம்புத்தூரு போறானாம் பாய், வெளிய கேள்விப்பட்டேன். அவன் வாயால வரட்டும்னு பாக்கறேன். போறேன்னு சொன்னான்னா புதுச மாட்டிக்கிறேன், நான் நிக்கிற வரைக்கும் எனக்காச்சு. இருக்கேன்னா பழசு, அவனுக்கு ஆவட்டும்'னாங்க. கட்டைய மட்டும் ஒங்க கை அளவுக்கே கடைஞ்சு வெக்கச் சொல்லிட்டாங்க. முழங்கை மடிப்புலேருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் அளவு குடுத்தாங்க."

மாறன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கயிற்றின் ஒரு முடிச்சை முழங்கை மடிப்பில் வைத்தான். ஈரக் கயிறு தோலோடு ஒட்டிப் படிந்தது. மறுமுடிச்சு ஆள்காட்டி விரலின் நுனியில், விசையில் படுகிற இடத்தில், வந்து நின்றது.

"மாறா! தண்ணி ஊத்த வாப்பா!" அத்தையின் குரல்.

"மேனேஜர் கார் வாஞ்சூர் தாண்டிடுச்சாம்" என்று மாமா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பின்கட்டு வாசற்படியில் காசியம்மா வந்து நின்றாள். அவிழ்ந்த தலையோடு, கண்ணுக்கு மேல் கையை வைத்து, மகன் எங்கே என்று தேடினாள்.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா? நானா ஒண்ணு எழுதக் கூடாது, அல்லாவுக்குப் பதில் சொல்லணும். நேத்து கடைசியா, 'மாறன்கிட்டயே கேட்டுட்டு வர்றேன்'னுட்டுதான் போன வெச்சாங்க. வந்து கேட்டிருப்பாங்களே. ஒங்ககிட்ட எத வெக்கச் சொன்னாங்க தம்பி?"